எதிர் மேசைத் தண்ணீர் பாட்டில்

குடிநீர் கம்பெனியின் ஆவண அறையில் உட்கார்ந்துகொண்டு நம் புது ஆடிட்டர் தாகத்தில் தவித்துக்கொண்டிருந்தான். எழுந்து நாலடி வைத்தால் குழாய். ஆனால் குடிநீர் ஒழுங்குமுறை ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

"தணிக்கைக்குப் போற இடத்துல பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. பல்லைக் காட்டிப் பேசவும் கூடாது. அறிக்கை தபால்ல சேர்ற வரைக்கும் அவங்க வேற, நீங்க வேற."

சொன்ன கையோடு அன்று மதியமே இங்கே அனுப்பிவிட்டார். ஆணையத்தில் தன் நாற்காலி எது என்றுகூட அவனுக்குத் தெரியாது. பதிவேட்டில் எழுதியபடி பம்புகள் ஓடினவா, தெருக்களுக்குத் தண்ணீர் போனதா என்று மூன்று வாரத்தில் பார்த்து எழுத வேண்டும்.

மறுநாளிலிருந்து வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தான். தாகம் தீர்ந்ததும் தனிமை பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. அவன் வராந்தாவில் நடந்தால் பேச்சு நின்றது. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தால், சுற்றி இருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதியில்லை.

அறையில் இன்னொரு மேசையும் இருந்தது. அங்கே ஒரு பெண் காலையிலிருந்து மாலை வரை கணக்குப் புத்தகங்களில் தலையைப் புதைத்திருந்தாள். கம்பெனியின் கணக்காளர், தன்னை நோட்டம் பார்க்கப் போட்டிருக்கிறார்கள் என்று அவன் முடிவுகட்டினான். அவளும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதைப் பார்த்ததும் ஆடிட்டர் மூளை விழித்துக்கொண்டது. கம்பெனி ஆளே கம்பெனித் தண்ணீரைத் தொடுவதில்லை. உடனே குறித்துக்கொண்டான்.

குறித்தானே தவிர மனசு அதோடு நிற்கவில்லை. கூட்டல் சரியாக வந்துவிட்டால் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பாதா என்று ஏங்கினான்.

பேசத்தானே கூடாது, எழுதினால் என்ன? "பம்பு பதிவேடு தேவை" என்று ஒரு சீட்டு எழுதி அவள் மேசையில் வைத்தான்.

"எனக்கும் தேவை. எந்த அதிகாரத்தில் கேட்கிறீர்கள்?" என்று பதில் சீட்டு வந்தது.

பதறிப்போய், "அவசரமில்லை, நிதானமாகப் பாருங்கள்" என்று எழுதினான். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பதிவேட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சமாதானமாக இருக்கட்டும் என்று ஒரு புன்னகை செய்தான். அவள் நோட்டைத் திறந்து மளமளவென்று ஏதோ எழுதினாள். மறுநாள் அவள் மேசை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

வேறு வழியில்லாமல், "கணக்காளர் ஆவணம் தர மறுக்கிறார்" என்று அவனும் அறிக்கையில் எழுத வேண்டியதாயிற்று. எழுதும்போது கை கூசியது.

வீட்டில் அவன் முகத்தைப் பார்த்தே அக்கா விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"போய்ப் பேசேண்டா."

"அறிக்கை போற வரைக்கும் பேசக் கூடாதுக்கா."

"அப்ப அதைச் சீக்கிரம் எழுதித் தொலை."

அதன் பிறகு அவன் வேலை செய்த வேகத்தைக் கம்பெனி கண்டதில்லை. பம்பு நிலையங்களுக்கு நடையாய் நடந்து, ஓடிய நேரத்தை அங்கேயே எடுத்துவந்தான். போகும்போதும் வரும்போதும் ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தான். "சாப்டீங்களா?" அதைக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. நாலு நாள் முன்னதாகவே முடித்து, கவரை ஒட்டினான். அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து கேட்டுவிடலாம் என்று எழுந்தான்.

எதிர் மேசை காலியாக இருந்தது. பாட்டிலும் இல்லை. பம்பு பதிவேட்டின் மேல் ஒரு சீட்டு மட்டும் இருந்தது. "பார்த்து முடித்துவிட்டேன். நன்றி."

அந்த நன்றியைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். கீழே தபால் பிரிவுக்கு இறங்கிப்போய்க் கவரை நீட்டினான்.

அங்கிருந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆணையத்தின் விலாசத்தைப் படித்தார். பிறகு தட்டிலிருந்து இன்னொரு கவரை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"மத்தியானம் உங்க ஆபீஸ் மேடம் குடுத்ததும் இதே விலாசம்தான் சார். தனித்தனியா அனுப்பணுமா, ரெண்டையும் ஒண்ணா கட்டிடவா?"