புள்ளி தோஷம்

ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரத்தில் மூடிக் கிடந்த ஷூ கிடங்கு ஒன்றில் கேமரா சாமி வந்து இறங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பள்ளிகொண்டாவிலிருந்து ஷேர் ஆட்டோ, விரிஞ்சிபுரத்திலிருந்து வேன், காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்து வருகிறவர்கள் என்று வாசலில் ஒரு திருவிழாவே நின்றது. எதிர்க்கடைக்காரர் பிரியாணிக்கு இரண்டாவது அண்டா ஏற்றினார். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள்.

சாமிக்கு மத வித்தியாசம் கிடையாது. மேஜையில் திருநீறும் அத்தரும் மெழுகுவர்த்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஏமாற்றுவதில் அப்படியொரு சமத்துவம்!

வைத்தியம் எளிமையானது. ஓர் இருட்டறை. பின்னால் கறுப்புத் திரை. ஒற்றை எண்ணெய் விளக்கு. முதலில் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கேமராவில் ஒரு படம் எடுப்பார். மேஜையில் இருக்கும் பெட்டி அதை அச்சடித்துத் தள்ளும். படத்தில் முகம் முழுக்க ரவையைக் கொட்டியதுபோல் சிவப்பும் பச்சையுமாய்ப் புள்ளிகள்!

“பாத்தியா? ஏழு தலைமுறை தோஷம்!”

பிறகு காணிக்கை. பிறகு சாம்பிராணி. பிறகு மந்திரம். எல்லாம் முடிந்ததும், பீரங்கி போன்ற பெரிய கேமராவில் இன்னொரு படம். அதில் முகம் சலவைக்கல். ஒரு புள்ளி இருக்காது. ஜனங்கள் சாமியின் காலில் விழுந்து அழுதார்கள்.

ஏன் இரண்டு கேமரா? அதற்கும் பதில் வைத்திருந்தார். “தோஷத்தோட வந்தவனப் பெரிய கேமராவுல எடுத்தா, கேமரா வெடிச்சுடும்.” படித்தவர்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். படிப்பு தலைக்குள் போயிருந்தால்தானே, ஆட்டும்போது இடிக்கும்?

அப்படித் தலையாட்டியவர்களில் ஒருவர் கன்னியப்பன். தோல் பதனிடும் தொழிற்சாலையில் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். சர்க்கரை நோய். வலது கால் கட்டைவிரலில் புண். வேலூர் ஆஸ்பத்திரியில் உடனே அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். சாமி, இரும்பு படக்கூடாது என்றார். புண் என்பதால் மூன்று ஞாயிறு வர வேண்டும், பெரிய கேமரா கடைசி ஞாயிறுதான், அப்போது புள்ளி போய்விடும், புள்ளி போனால் புண்ணும் போய்விடும், ஆஸ்பத்திரியே வேண்டாம். இரண்டு ஞாயிறு முடிந்திருந்தது. வரும் திங்களும் தவறினால் விரலோடு நிற்காது, காலுக்கே ஆபத்து என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

“கால் நாத்தம் அடிக்குது. அத உங்க சாமி மோந்து பாத்தாரா?” என்றாள் மனைவி தேவகி.

“மோந்து பாக்க அவரு இன்னா நாயா? போட்டோவப் பாருடி. புள்ளி தெரியுது இல்ல?”

தேவகி படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். அப்துல் சமத்தின் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. பதினாறு வருட அனுபவம். தோலைப் பார்க்கிறவர்கள் நடுவில் பார்க்க மாட்டார்கள், ஓரத்திலிருந்து வருவார்கள். ஊரே படத்தில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, தேவகி படத்தின் மூலையைப் பார்த்தாள்.

“ஏங்க, திரையிலயும் புள்ளி இருக்குது. விளக்குலயும் இருக்குது. அதுங்களுக்கும் ஏழு தலைமுறையா?”

கன்னியப்பன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு குறை மாட்டிலிருந்து வந்தால் தோலில் அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சீராக இருந்தால் அது மெஷின் கொடுத்த குறை. தேவகிக்கு இது தெரியும். கேமரா மெஷினைப் பற்றித் தெரியாது. எனவே கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தானிஷிடம் போனாள்.

தானிஷ் படத்தைப் பார்த்ததும் சிரித்தான். “தேவகிக்கா, கேமராவுக்குள்ள வெளிச்சத்தப் பிடிக்கறதுக்கு ஒரு சில்லு இருக்கும். சென்சார்னு பேரு. குட்டிக் கேமராவுல அது சுண்டுவிரல் நகம் அளவுதான். பெருசுல ஒரு பெரிய தபால்தலை அளவு. இருட்டுல குட்டிக்கு வெளிச்சம் கம்மியாத்தான் கிடைக்கும். கிடைச்சத இழுத்துப் பெருசு பண்ணிக் காட்டும். அப்போ புள்ளியும் சேந்து வரும். அவ்ளோதான் தோஷம்.”

சொன்னதோடு நிற்காமல், தன்னிடம் இருந்த சின்னதும் பெரியதுமான இரண்டு கேமராவிலும் ஒரு டீ கிளாஸைப் படம் எடுத்தான். நல்ல வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களில் எது எந்தக் கேமரா என்று தேவகியால் சொல்ல முடியவில்லை. விளக்கை அணைத்து எடுத்தவற்றில், கண்ணாடி போடாதவர்கூடச் சொல்லிவிடலாம்.

“இத அவருகிட்ட வந்து சொல்றியா?”

“நான் சொன்னா உங்க வீட்டுக்காரர், போட்டிக் கடைக்காரன்னு திட்டுவாரு. அவரு கண்ணால பாக்கணும்.”

மூன்றாவது ஞாயிறு, மத்தியானம். கன்னியப்பன் நொண்டிக்கொண்டே வரிசையில் நின்றார். கூடவே தேவகி, அவளோடு வேலை பார்க்கும் ஷஹீன் பானு, முதலாளி அப்துல் சமத். அவருடைய சரக்கு ஒன்று போன மாதம் திரும்பி வந்துவிட்டது. அவரும் சாமியின் பக்தர்தான். கம்பெனித் தோலைக் காட்டி தோஷம் கேட்கலாம் என்று தேவகி சொன்னதும், காலையில் தன் கையாலேயே ஒரு வெள்ளைத் தோல் துண்டை எடுத்துக் கொடுத்திருந்தார். இன்னொரு துண்டு ஷஹீனின் பையில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

முதலாளி என்றதும் சாமியின் கண் மின்னியது. தோலைத் தட்டில் வைத்துக் குட்டிக் கேமராவில் எடுத்தார். படம் முழுக்கப் புள்ளி.

“கம்பெனியே தோஷத்துல மிதக்குது பாய்!”

“யா அல்லா! ஜாஸ்தியா சாமி?”

“என் அனுபவத்துல இவ்ளோ பாத்ததில்ல.”

சாம்பிராணி எழுந்தது. சாமி கண்ணை மூடி, எந்த மொழியிலும் இல்லாத மந்திரத்தை முழங்கினார். முடித்துவிட்டுப் பெரிய கேமராவைத் தூக்கினார். வெள்ளைத் தோல் பால்போல வந்தது. கூட்டம் கை தட்டியது. கன்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சமத் பாய்,” என்றாள் தேவகி, “அந்தத் தோலத் திருப்பி நம்பரப் படிங்க.”

தரம் பிரித்த ஒவ்வொரு தோலுக்கும் பின்பக்கம் எண் போடுவது தொழிற்சாலை வழக்கம். சமத் திருப்பினார். “நாப்பத்திரண்டு... நான் குடுத்தது பதினேழாச்சே?”

ஷஹீன் பையிலிருந்து ஒரு துண்டை உருவினாள். “பதினேழு இங்க இருக்குது பாய். சாமி கண்ண மூடினாரு, புகை மத்தவங்க கண்ண மூடிச்சு இல்ல? அப்ப மாத்திட்டோம். புள்ளி வந்தது இதுல. சுத்தமாச்சுன்னு கை தட்டினது அதுக்கு.”

சாமி அசரவில்லை. தொழில் அப்படி. “பரிகாரம் துண்டுக்கு இல்ல தாயே, கம்பெனிக்கு! எல்லாத் தோலும் சுத்தமாய்டுச்சு!”

கூட்டம் உடனே தலையாட்டியது. ஆட்டிப் பழகிய தலைகள்.

“ரொம்ப சந்தோஷம்,” என்றாள் தேவகி. “அப்ப இந்த நாப்பத்திரண்ட, இப்பவே, இதே எடத்துல, குட்டிக் கேமராவுல ஒரு படம் எடுங்க. சுத்தமாத்தானே வரணும்?”

சாமியின் கை நின்றுவிட்டது. “சார்ஜ் இல்ல,” என்றார்.

“சாமிக்கா, கேமராவுக்கா?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

சமத் எட்டிக் குட்டிக் கேமராவை எடுத்து அமுக்கினார். சார்ஜ் இருந்தது. பெட்டி படத்தைத் தள்ளியது. புள்ளி, புள்ளி, புள்ளி.

“கேமரா மாறினதும் போன தோஷம் திரும்பி வந்துடுச்சா?” தேவகி கணவனின் கையைப் பிடித்தாள். “வெளிய வாங்க.”

வெயிலில் கன்னியப்பனை நாற்காலியில் உட்கார வைத்தாள். அதே குட்டிக் கேமரா. காணிக்கை இல்லை, சாம்பிராணி இல்லை. சமத் கேமராவை அமுக்கினார். ஷஹீன் உள்ளே ஓடி அச்சடித்துக்கொண்டு வந்தாள்.

படத்தில் முகம் தெளிவாக இருந்தது. தேடினாலும் புள்ளி இல்லை. தலைமுதல் கால்வரை எல்லாம் துல்லியம். கட்டு ஈரமாகிப் பழுப்பு நிறமாய் இருந்தது. அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் கறுத்துப்போயிருந்தது.

கன்னியப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. விரலையே ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஆட்டோவக் கூப்புடு தேவகி. நாளைக்கு வேணாம், இன்னைக்கே போய்டலாம்.”

இதற்குள் சாமி பின்கதவைத் திறந்திருந்தார். அங்கே செருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளும், அந்த ஆளைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் சம்பள பாக்கிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். போலீஸ் வரும்வரை சாமியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

கன்னியப்பனுக்குக் கால் தப்பியது. கட்டைவிரல் போய்விட்டது. “ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா விரலும் இருந்திருக்கும்,” என்றார் டாக்டர். பதினாறு வருடம் தோலின் ஓரத்தைப் பார்த்த தேவகி, அந்தப் புள்ளிப் படத்தை முதல் ஞாயிறே வாங்கிப் பார்க்கவில்லையே என்று மட்டும் அழுதாள்.

கேமரா சாமி உள்ளே போய்விட்டார். ஆனால் வரிசை கலையவில்லை, இடம்தான் மாறுகிறது. உங்கள் ஊரில் இன்று எந்த வாசலில் கூட்டம் நெருக்குகிறதோ, அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அடிக்க வந்தார்கள் என்றால், சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.