நூல் ஆபீஸில் ஞானோதயம்

உலகத்திலேயே முதன்முதலாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு ஆபீஸ் ஞானம் அடைந்தது சங்கரன்கோவிலில்தான். புத்தருக்கு ஒரு போதிமரம் கிடைத்தது போல எங்கள் ஊருக்கு ஒரு நூல் வினியோக சங்கம் கிடைத்தது. நூலுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. சங்கத்துச் சீட்டு இல்லாமல் ஒரு கழி நூல் வாங்க முடியாது.

சங்கத்தின் செக்ரட்டரி செல்லச்சாமி, சண்டைக்கு முன்னால் ரங்கூனில் ஒரு அரிசி மண்டியில் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே ஒரு பிக்குவிடம் தியானம் கற்றார். ‘மூச்சைக் கவனி; வருவதை வருகிறது என்று அறி, போவதைப் போகிறது என்று அறி’ என்பது முதல் பாடம். ‘அதே கவனத்தோடு கையிலுள்ள வேலையைச் செய்’ என்பது இரண்டாம் பாடம். அதைக் கற்பதற்குள் ஜப்பான் குண்டு விழத் தொடங்கிவிட்டதால், முதல் பாடத்தோடு கப்பல் ஏறிவிட்டார்.

ஆபீஸ் நேரம் ஒழுங்காக வகுக்கப்பட்டிருந்தது. பத்திலிருந்து ஒன்று வரை மூச்சு தியானம். ஒன்றிலிருந்து மூன்று வரை, பருக்கை பருக்கையாகக் கவனித்துச் சாப்பாடு. மூன்று மணிக்கு மேல் ‘நடை தியானம்’, வீட்டைப் பார்த்து.

இந்தத் தபோவனத்துக்கு ஆறுமுகத்தாய் ஏழாவது நாளாக வந்தாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் நாலு சேலை நெய்து கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் தறியை விற்க வேண்டியதுதான்.

“அண்ணாச்சி, சீட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க. தறி சும்மா கெடக்கு.”

செக்ரட்டரி நாற்காலியில் சம்மணமிட்டு, கண்ணைத் திறக்காமல் முனகினார். “மனு வருது… மனு வருது…”

“வந்து ஏழு நாளாச்சு.”

“மனு போவுது… மனு போவுது…”

“எங்கன போவுது? இந்தா, கையிலதான இருக்கு!”

பதறிச் சீட்டை ஆட்டிய வேகத்தில் முந்தியும் உதறுபட்டது. முடிச்சு அவிழ்ந்து, உள்ளே இருந்த வெள்ளித் தகட்டுத் தேள் பறந்து போய் அவருடைய உள்ளங்காலில் விழுந்தது. எந்த ஜந்து தொல்லை கொடுக்கிறதோ அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கிக் கோமதியம்மனுக்குக் காணிக்கை போட்டால் தொல்லை தீரும் என்பது ஊர் வழக்கம். ஆறுமுகத்தாய் வீட்டுச் சுவரில் தேள் நடமாட்டம். கோவிலுக்குப் போகிற வழியில்தான் ஆபீஸுக்கு வந்திருந்தாள்.

“குளிர்ச்சி வருது… குளிர்ச்சி…” செக்ரட்டரி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “ஏலே! தேளு!”

அடுத்த மூச்சில் அவர் மேஜை மேல் நின்றார். மூலையில் குமாஸ்தா வீரபாண்டி கண் திறக்கவில்லை. “சத்தம் கேக்குது… சத்தம் கேக்குது…” என்று அறிந்துகொண்டிருந்தார்.

அது தகடுதான் என்று சொல்ல ஆறுமுகத்தாய் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“பதறாதிய அண்ணாச்சி. தேள் வந்திருக்கு. வந்தது போவும். கவனிச்சா மட்டும் போதும்.”

“ஏட்டி, அதை அடி!”

“அடிக்கணும்ங்கற எண்ணம் இன்னும் வரலியே.”

“பின்ன என்ன எண்ணந்தான் வருது?”

“சீட்டு எண்ணம்தான் வருது.”

மேஜை மேல் நின்றபடியே, முழங்காலில் காகிதத்தை வைத்து, செக்ரட்டரி கையெழுத்திட்டார். தம் சர்வீஸிலேயே முழுக் கவனத்தோடு செய்த முதல் வேலை அது. ஆறுமுகத்தாய் குனிந்து, தேளை இரண்டு விரலால் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுடைய ‘நிலை’ கண்டு செக்ரட்டரி கை கூப்பினார்.

சீட்டோடு பின்கட்டு ஸ்டோருக்கு ஓடினாள். ஸ்டோர் கீப்பர் ஜெயசிங், ஜெபத்தில் கண் மூடிப் பழகியவர். தியானத்தில் ஒரே நாளில் தேறிவிட்டார்.

“சீட்டு வந்திருக்கு… வந்திருக்கு…”

“நூலைக் குடுங்க. நாளைக்கே பாவு ஓட்டணும்.”

“நாளைன்னு ஒண்ணு இல்ல தாயி. இந்த நிமிஷம் மட்டுந்தான் உண்டு.”

“அப்பம் இந்த நிமிஷமே குடுங்க.”

“இந்த நிமிஷம் ஸ்டோர் பூட்டியிருக்கு.” சாவிக்கொத்து அவர் மடியில் அமைதியாக வீற்றிருந்தது.

ஆறுமுகத்தாய் நேரே கோவில் வாசலுக்குப் போனாள். தகடு விற்கும் மூக்காண்டியிடம் தேளை நீட்டினாள்.

“அண்ணாச்சி, இதை மாத்திக் குடுங்க.”

“ஏன், வீட்டுல தேளு போயிட்டா?”

“அது கெடக்கட்டும், ஒரு மூலையில. சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உக்காந்திருக்க மாதிரி ஆபீசர் உருவம் இருக்கா?”

மூக்காண்டி தட்டைத் துழாவிக்கூடப் பார்க்கவில்லை.

“நேத்தே தீந்துட்டு தாயி. தறிக்காரவுக அத்தனை பேரும் வாங்கிட்டுப் போயிட்டாவ.”