பெஞ்சில் விளைந்த விவசாயி

விவசாயிக்கு நல்லது செய்வதென்று அரசாங்கம் ஒரு தடவை முடிவெடுத்துவிட்டால், அதிலிருந்து தப்பித்த விவசாயி கிடையாது. அந்த வருஷம் அப்படி முடிவெடுத்துத்தான் வேளாண் கடன் மற்றும் கூட்டுறவுச் சங்கங்கள் நெறிப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தார்கள். போலி விவசாயிகள் கடனை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், உண்மையான விவசாயியைக் கண்டுபிடித்து அவன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சட்டம் எழுதுவதற்காக ஒரு குழு புறப்பட்டது. மூன்று மாதம் சங்கம் சங்கமாகப் போய், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு உண்மையான விவசாயியைக்கூடக் கண்ணால் காண முடியவில்லை. எங்கே என்று கேட்டால், வயலுக்குப் போயிருக்கிறார்கள் என்று பதில். இப்படிப் பொறுப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பவர்களை நம்பி யார் கடன் கொடுப்பது? குழு ஆழ்ந்து யோசித்து ஏழாம் பிரிவில் எழுதிவிட்டது: உண்மையான விவசாயி எனப்படுபவர், தொடர்ந்து முப்பது வேலைநாள் அலுவலக நேரம் முழுவதும் சங்கத்தில் நேரில் இருப்பவர். முப்பதாம் நாள் அவர் கட்டைவிரலை மிஷினில் வைக்க, மிஷின் அவரை விவசாயி என ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கிணற்று மோட்டார் எரிந்துபோய்விட்டது, ஒன்றே முக்கால் ஏக்கர் வெங்காயம் தண்ணீருக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்பதுதான். மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "அடக்கம் பண்ணிடுங்கண்ணே" என்றான். அங்கிருந்து நேராகச் சங்கத்துக்குப் போனேன்.

சங்கத்துச் செயலாளர் மெலிந்த ஆள். சட்டைப்பையில் மூன்று பேனா. தேய்த்து மடித்து வைத்த மாதிரி கைகள். நான் மோட்டார் என்று வாயைத் திறப்பதற்குள், மேஜை மேலிருந்த கறுப்புப் பெட்டியை என் பக்கம் திருப்பினார்.

"விரலை வைங்க."

வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி இனிமையாக, "மன்னிக்கவும். தாங்கள் விவசாயி எனக் கண்டறிய இயலவில்லை" என்றது.

"யாரைப் பார்த்துச் சொல்லுது இது? இருபத்தெட்டு வருஷம் மண்வெட்டி பிடிச்ச விரல் சார்!"

"அதான் பிரச்சினையே" என்றார் செயலாளர், ரொம்பப் பரிவாக. "மண்வெட்டி பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்சுபோச்சு. ரேகையே இல்ல பாருங்க. நாளைக்கு ஏதாவது போலி விவசாயி இதே மாதிரி தேஞ்ச விரலோட வந்து நின்னா, நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"போலிக்கு எப்படி சார் விரல் தேயும்?"

"அதெல்லாம் எங்களால ஆராய முடியாதுங்க. முப்பது நாள் அந்த பெஞ்சுல உட்காருங்க. கைக்கு ஓய்வு கிடைக்கும். ரேகை தானா வளந்துடும்."

"முப்பது நாள்ல வெங்காயம் கருகிடுமே."

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நிஜமாகவே தேடினார். "வெங்காயத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

ஊரில் எனக்குக் கறார் என்று பெயர். சந்தையில் நான் கேட்ட விலைக்கு ஒரு காசு குறைத்து யாரும் என் வெங்காயத்தை வாங்கியதில்லை. அதனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பத்து நாள். முடிச்சுக்கங்க."

"முப்பது."

"சரி, பன்னெண்டு. உங்களுக்காக."

"முப்பது."

"பதினெட்டு. இதுக்கு மேல ஒரு நாள் கேட்டீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்."

"போங்க. ஆனா சட்டத்துல பேரம் கிடையாதுங்க."

மேஜையை ஓங்கிக் குத்தினேன். முத்திரைப் பெட்டி எகிறிக் குதித்தது. செயலாளர் பதறிப்போய், "ஐயோ, இப்படியெல்லாம் குத்தாதீங்க, இருக்கிற ரேகையும் போயிடும்" என்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வீட்டில் என் மனைவி கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "உட்கார்றதுக்குக் கடன் குடுக்கிற ஆபீஸ் உலகத்துல இது ஒண்ணுதான். போய் உட்காருங்க. நான் வாளியில இறைச்சு ஊத்துறேன்" என்றாள். அவள் இறைக்கிற வேகத்துக்கு மோட்டாரே தேவையில்லை என்று யாரோ சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த யாரோ நான்தான்.

பெஞ்சில் என்னைச் சேர்த்துப் பத்தொன்பது பேர். எனக்கு இடதுபக்கம் முள்ளங்கிக்காரர். ஆறடி ஆள். ஒரு காலத்தில் காளையைக் கொம்பைப் பிடித்துத் திருப்பியவர். முதல் வாரம் எல்லோரும் முனகிக்கொண்டிருந்தோம். இரண்டாம் வாரம் விதிமுறைப்படி ஆளுக்கொரு டப்பா க்ரீம் வந்தது. கைக்குத் தடவிக்கொள்ள, அரசு செலவில். அதோடு எங்கள் புத்தி கெட்டது.

முள்ளங்கிக்காரர் க்ரீம் தடவியபின் எதையும் தொட மறுத்தார். டீ டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே பிடித்துக் குடித்தார். கதவைத் தோளால் திறந்தார். மூக்கு அரித்தால் என் தோளில் தேய்த்துக்கொண்டார். பத்தாம் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் தூக்கிப் பார்த்து, "கறாரண்ணே, இங்க பாருங்க, மூணு கோடு முளைச்சிருக்கு" என்று கத்தினார். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். நிஜமாகவே மூன்று கோடு. எனக்கு இரண்டுதான். அன்று ராத்திரி சாப்பாட்டை ஸ்பூனால் சாப்பிட்டேன். மனைவி என்னைப் பார்த்தாள், ஸ்பூனைப் பார்த்தாள், குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வானத்திலிருந்து படம் எடுத்துப் பார்த்தார்களாம். போன மாதம் பச்சையாக இருந்த இடமெல்லாம் இப்போது பழுப்பாக இருக்கிறதாம். பதினோராம் பிரிவின்படி, பயிர்ப்பரப்பு குறைந்தால் அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்கள் தாமே வயலில் இறங்கி ஈடுகட்ட வேண்டும். தவறினால் சம்பளம் நிறுத்தப்படும்.

செயலாளர் படித்துவிட்டு மூன்று பேனாவையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வயல்ல யாருமே இல்லையாம்."

"நாங்கதான் இங்க இருக்கோமே" என்றார் முள்ளங்கிக்காரர்.

"அப்ப கொஞ்சம் போயிட்டு வாங்களேன்."

"போனா ஒரு நாள் விட்டுப்போயிடும். மறுபடி ஒண்ணாம் நாள்லேருந்து உட்காரணும். நீங்கதானே சொன்னீங்க?"

செயலாளர் யோசித்தார். "ஆமா. நான் சொன்னது சரிதான்."

மறுநாள் காலை காசாளர் முள்ளங்கி பிடுங்கப் போனார். செயலாளருக்கு என் வெங்காயம். தேய்த்த சட்டையோடு வரப்பில் போய் நின்றாராம். மனைவி சாயங்காலம் சொன்னாள்: "ஒவ்வொரு வாளிக்கும் நோட்டுல எழுதி, தேதி போட்டு, அப்புறம் ஊத்துறான் அந்தத் தம்பி. நோட்டைப் பிடுங்கிக் கிணத்துல போட்டேன். அதுக்கப்புறம் நல்லா ஊத்துறான்."

"கிணத்துலயா?"

"நீங்க கேக்காதீங்க. உங்க விரல் நோகும்."

இங்கே அலுவலகத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நான் எடுத்தேன், ரேகை கெடாமல் சுண்டுவிரலால்.

"செயலாளர் இருக்காரா?" என்று அதட்டியது ஒரு மேலதிகாரிக் குரல்.

"இல்லீங்க. வயலுக்குப் போயிருக்கார்."

எத்தனை வருஷமாக எங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தை! சொல்லும்போது தொண்டை இனித்தது. அப்புறம் யார் எதற்குக் கேட்டாலும் அதையே சொன்னேன்.

முப்பதாம் நாள் வந்தது. ஆய்வாளர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். பத்தொன்பது பேரும் வரிசையில் நின்று விரலை வைத்தோம். "வாழ்த்துகள். தாங்கள் உண்மையான விவசாயி" என்றது அந்தக் குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, பொய் சொல்லக் கூடாது. முள்ளங்கிக்காரர் வாய்விட்டே அழுதார். கண்ணைத் துடைத்தால் ரேகை நனையும் என்று துடைக்காமல் அழுதார்.

"சார், மோட்டார் கடன்" என்றேன்.

"உங்களுக்கா? உங்களுக்கு எப்படிங்க தர முடியும்?" ஆய்வாளர் அதிர்ந்துபோனார். "கூட்டுறவுச் சங்கத்தை விவசாயிங்கதான் நடத்தணும். ஒன்பதாம் பிரிவு. இன்னிலேருந்து உண்மையான விவசாயிங்க எல்லாரும் கடன் பரிசீலனைக் குழு. குழுவுல இருக்கிறவரே கடன் வாங்கினா அது ஊழல் இல்லையா?"

"அப்ப என் வயலுக்கு?"

"வயல்ல யார் வேலை செய்றாங்களோ அவங்க விண்ணப்பிக்கட்டும். நீங்க பரிசீலிங்க." சொல்லிவிட்டு என் கையில் ஒரு ரப்பர் முத்திரையைக் கொடுத்து, செயலாளரின் நாற்காலியைக் காட்டினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த ஆளை இரண்டு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். அது சுழலும் நாற்காலி. ஒரு சுற்றுச் சுற்றி என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது. கோபம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். சுத்தமாகப் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து, நண்பகலில், முன்னாள் செயலாளர் வந்தார். ஆள் கறுத்து, முழங்கால்வரை சேறு, பையில் ஒரு பேனாகூட இல்லை. கூடவே என் மனைவி.

"ஐயா," என்றார் அவர், "கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு. கயிறு எட்டல. இன்னிக்கு மோட்டார் போட்டாத்தான் பயிர் நிக்கும். இன்னும் பத்து நாள்ல அறுத்துடலாம்யா. காய் இவ்வளவு பெருசு!" கையை விரித்துக் காட்டினார். அவர் குரலில் ஒரு தகப்பனின் தழுதழுப்பு இருந்தது.

"விரலை வைங்க" என்றேன்.

வைத்தார். "மன்னிக்கவும்" என்றது மிஷின்.

அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். வாளிக் கயிறு வழவழவென்று தேய்த்துவிட்டிருந்தது. "என்னங்க இது, ரேகையே இல்லையே. முப்பது நாள் பெஞ்சுல உட்காருங்க."

"வெங்காயம் கருகிடும்யா!"

"சட்டத்துல வெங்காயத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"பத்து நாள்னு வெச்சுக்கங்க. சரி, பன்னெண்டு."

"சட்டத்துல பேரம் கிடையாதுங்க." முத்திரையை எடுத்து, அவர் நீட்டிய விண்ணப்பத்தின் நெற்றியில் ஒரே குத்தாகக் குத்தினேன். 'நிராகரிக்கப்பட்டது.' என்ன அழகான எழுத்து. ஒரு பிசிறு இல்லை. பக்கத்து நாற்காலியில் முள்ளங்கிக்காரர், "சுத்தமான குத்து அண்ணே" என்று பாராட்டினார்.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். "அதுல நில உரிமையாளர்னு ஒரு இடம் இருக்கும். அதைப் படிங்க."

படித்தேன். என் பெயர். மை இன்னும் காயவில்லை.

"அழிச்சு எழுத முடியாதா?" என்று முள்ளங்கிக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அழிச்சா குத்தம் அண்ணே. நாலாம் பிரிவு."

மனைவி மேஜையைச் சுற்றி வந்து என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. "எங்க வீட்டுக்காரர் கை இப்படி இருக்காது. அடையாளம் தெரியலையே சார்" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவள் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவள் போகவில்லை. நேராக பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். செயலாளரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சேற்றுக் காலை மடக்கிக்கொண்டு, அவளுக்கு க்ரீம் டப்பாவைத் திறந்து கொடுத்தார்.

"ஏய், நீ இங்க உட்கார்ந்தா வயலை யார் பாக்குறது?" என்றேன்.

"ஒண்ணாம் நாள்" என்றாள் அவள், விரலுக்கு நிதானமாக க்ரீம் தடவிக்கொண்டே. "பன்னெண்டாம் நாள் சுற்றறிக்கை வரும். பதினோராம் பிரிவு. ஆபீஸ்ல இருக்கிறவங்க வயல்ல இறங்கணும். வாளி கிணத்தடியில கவுத்து வெச்சிருக்கேன். கயிறு மட்டும் நீளமா வாங்கிட்டுப் போங்க."

நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினேன். கயிறு வாங்கச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.