கேக் சரியக்கூடும்

"அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு மனசே சரியில்லடி."

லீட்ஸ் நகரத்து மீன் வறுவல் கடை வரிசையில், பச்சைக் கோட்டு போட்ட ஓர் அம்மாள் தன் தோழியிடம் சொன்னது இது. எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. கணவரின் கால் ஆணியாக இருக்கலாம், எதிர்வீட்டின் புதுத் திரைச்சீலையாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்னால் நின்றவர் வடக்கு மக்கள் தொலைக்காட்சியின் தலைமை அதிகாரி டெஸ்மண்ட் வைப்ரோ. யார் எதைப் பார்த்தாலும் தன் தொலைக்காட்சியைத்தான் பார்த்தார்கள் என்று நம்புவது அந்தப் பதவிக்கு வேண்டிய முதல் தகுதி. "எதைம்மா பார்த்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முன்பின் தெரியாதவரிடம் மழையைத் தவிர வேறெதையும் பேசுவது அவர் வளர்ந்த வளர்ப்பில் இல்லை. ஆகவே அவர் வறுவலை வாங்கிக்கொண்டு அலுவலகம் திரும்பி ஒரு துறையைத் தொடங்கினார்.

பார்வையாளர் மனநலத் துறை. அதற்கு அதிகாரியாக ஸ்காட்லாந்திலிருந்து மொய்ரா கான்ட் வந்து சேர்ந்தார். வந்த அன்றே உத்தரவு பிறந்தது. இனி எந்த நிகழ்ச்சியானாலும், அதில் மக்கள் மனத்தை நோகச் செய்யக்கூடியது எதுவோ, அதை முன்கூட்டியே எச்சரித்த பிறகுதான் ஒளிபரப்ப வேண்டும்.

அந்த எச்சரிக்கையைச் சொல்ல வேண்டியவள் ஹெட்டி ஆக்ராய்ட்.

நிகழ்ச்சிகளுக்கு நடுவே "அடுத்து வருவது..." என்று சொல்கிற குரல் அவளுடையது. கல்லூரியில் இலக்கியம் படித்தவள். பேருந்தில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். கடையில் தேநீர் கேட்டுக் காப்பி வந்தால் காப்பியைக் குடித்துவிட்டு நன்றி சொல்வாள். அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அந்த அறிவிப்பு அறையில், ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குத் தடையில்லாமல் பேச்சு வரும். ஊரோடு பேசலாம், ஊர் அவள் முகத்தைப் பார்க்காது. இதைவிடப் பெரிய பாக்கியம் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள்மேல் ஒரே ஒரு புகார் வந்தாலும் அவளை அனுப்பிவிட்டுப் பதிவு செய்த குரலைப் போடுவது என்று ஏற்பாடு. வைப்ரோ அதை மிகுந்த மரியாதையோடு, இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவளிடம் சொல்லியிருந்தார்.

இந்த நிலையில் பல்சுவை நாள் வந்தது. பொதுத் தொலைக்காட்சி என்றால் எல்லாருக்கும் எல்லாமும் காட்ட வேண்டும். காட்டுகிறதா என்று லண்டனில் இருக்கும் ஒளிபரப்பு மேற்பார்வை மன்றம் வருடத்தில் ஒரு நாள் பரிசோதிக்கும். தேறினால் உரிமம், தேறாவிட்டால் பூட்டு.

காலையில் தோட்டக்கலை. பொத்தான்களுக்குப் பொறுப்பாளரான கோலின் ஹெப்வொர்த் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"கண்ணு, இதுக்கு என்ன எச்சரிக்கை?"

"நத்தைகளைப் பத்திக் கடுமையான வார்த்தைகள் வரும்னு சொல்லணும்."

"நத்தை நம்ம சேனல் பாக்குதாக்கும்?"

"பாக்கலைன்னு எப்படிச் சொல்ல முடியும்னு மொய்ரா மேடம் கேக்கறாங்க."

"அதுவும் சரிதான். வேற யாரு பாக்கறா?" என்று கோலின் பொத்தானை அழுத்தினார்.

அடுத்து பாராளுமன்றம். 'பெரியவர்கள் பெரியவர்களைப் போல நடந்துகொள்ளாத காட்சிகள் இதில் உள்ளன' என்றாள் ஹெட்டி. அடுத்து மேசைமேல் கோலால் பந்து தள்ளும் ஸ்னூக்கர் ஆட்டம். 'நீண்ட மௌனங்கள் இடம்பெறும். தனியாக இருப்பவர்கள் யாரையாவது கூட வைத்துக்கொள்ளவும்.' பிறகு வானிலை. 'இந்த அறிக்கையில் மழை வருகிறது.' வானிலை சொல்பவர் கோபித்துக்கொண்டார். தான் சொல்ல இருந்ததே அது ஒன்றுதான் என்றார்.

அதன் பிறகு வந்தது கேக் போட்டி. 'ஒரு கேக் சரியக்கூடும்' என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மொய்ரா கதவைத் திறந்துகொண்டு நுழைந்தார்.

"என்னம்மா இது, யாரோட கேக்னு சொல்லாம விட்டுட்டே? இப்ப ஆறு கேக்குக்காகவும் ஊரே பதறிக்கிட்டு உக்காந்திருக்கும்!"

"சொல்லிட்டா போட்டியில யாரு தோத்தாங்கன்னு தெரிஞ்சிடுமே, மேடம்?"

"தெரியாம இருக்கறதுதான் மன உளைச்சல். தெரிஞ்சா நிம்மதி."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை ஏதும் ஹெட்டிக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். கேக் சரியப்போவது நாலாவது மேசைக்காரருடையது என்று அறிவித்தாள். பிற்பகல் துப்பறியும் நாடகத்துக்கு முன்னால், யாரும் அதிர்ச்சி அடையாமலிருக்கும் பொருட்டு, கொலையாளி வக்கீல்தான் என்பதையும், அவர் எந்தச் சன்னல் வழியாக வந்தார் என்பதையும் தெரிவித்தாள். எச்சரிக்கைகள் நீண்டுகொண்டே போனதால் நாடகத்தை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியதில் கொலை போய்விட்டது. விசாரணை மட்டும் ஓடியது.

தேநீர் வேளையில் வைப்ரோ அறைக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"ஒரு புகார்கூட இல்ல! நம்ம சரித்திரத்திலேயே இப்படி ஒரு நாள் கிடையாது. ஹெட்டி, சாயந்தரம் அஞ்சு மணிக்கு மன்றத்தோட புகார்ப் பிரிவை மூடிடுவாங்க. அதுக்கப்புறம் உன் வேலை நிரந்தரம்."

ஹெட்டி நன்றி சொன்னாள். பிறகு அதற்காக மன்னிப்புக் கேட்டாள்.

இருவரும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருக்கையில் மன்றத்திலிருந்து தொலைபேசி வந்தது. வைப்ரோ எழுந்து நின்று பேசினார்.

"புகாரா? ஒண்ணுமே இல்லைங்க!... நன்றி... இல்லைங்க, நிஜமாவே ஒண்ணும் இல்ல... யாருமே பாக்கலைன்னு அர்த்தமா?... ஐயோ, அப்படிப் பார்த்தா..."

பேசி முடித்தபோது பிஸ்கட் கோப்பையில் விழுந்திருந்தது. இந்த நாட்டில் தொலைக்காட்சி பார்க்கிறவன் குறை சொல்லாமல் இருக்க மாட்டான் என்பது மன்றத்தின் அனுபவம். குறை வராத இடத்தில் பார்வையாளன் இல்லை. பார்வையாளன் இல்லாவிட்டால் உரிமம் எதற்கு? ஐந்து மணிக்குள் மக்களிடமிருந்து ஒரு புகாராவது வந்து பதிவாக வேண்டும். வராவிட்டால் நாளை முதல் பூட்டு.

அலுவலக எண் மன்றத்துக்குத் தெரியும். கைப்பேசி எல்லார் பையிலும் வந்துவிடாத காலம் அது. ஆகவே பொதுமக்களைப் போலத் தாங்களே புகார் சொல்ல, தெருக்கோடியில், மழையில், சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே ஒரு வரிசை உருவானது. முதலில் வைப்ரோ, அடுத்து மொய்ரா, பின்னால் கோலின், கடைசியில் ஹெட்டி. நாலு பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

வைப்ரோ உள்ளே போய் டெர்பிஷயர் விவசாயியின் குரலில் நத்தைகளுக்காகக் குமுறினார். வெளியே வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"ஏத்துக்கல. 'நத்தையைப் பத்தி முன்னாடியே எச்சரிச்சாங்கல்ல? அப்புறம் எதுக்குப் பார்த்தே?'ங்கறான்."

மொய்ரா ஓய்வுபெற்ற ஆசிரியையாகக் கேக்கைக் கண்டித்தார். அதற்கும் எச்சரிக்கை உண்டு, தள்ளுபடி. கோலின் ஸ்னூக்கரில் மௌனம் அதிகம் என்றார். அதுவும் தள்ளுபடி. ஒரே குரல் இரண்டாம் முறை பேசினால் பதிவாகாது என்பது விதி.

"இன்னிக்குப் பூரா நாம எச்சரிக்காம விட்டது ஏதாவது இருக்கா?" என்றார் வைப்ரோ.

மொய்ரா யோசித்தார். அவர் ஒழுங்கான அதிகாரி, எதையும் விட்டிருக்கவில்லை. "எச்சரிக்கையைப் பத்தி மட்டும்தான் யாரும் எச்சரிக்கல" என்றார் மெதுவாக. "அதாவது... அந்த அறிவிப்பாளரைப் பத்தி."

யாரும் ஹெட்டியைப் பார்க்கவில்லை. மூவரும் மிகுந்த நாகரிகத்தோடு மூன்று வேறு சாக்கடைகளைப் பார்த்தார்கள்.

"உன்னை யாரும் கட்டாயப்படுத்தலம்மா" என்றார் வைப்ரோ. "குடையை வேணும்னா பிடிச்சுக்கறியா?"

"போகாதே கண்ணு" என்றார் கோலின். "பூட்டினா பூட்டிட்டுப் போறாங்க. எனக்கு முட்டைக்கோஸ் போட ஒரு துண்டு நிலம் இருக்கு."

பூட்டினால் அந்த அறை இருக்காது. பூட்டாவிட்டால் அறை இருக்கும், அவள் அதில் இருக்க மாட்டாள். ஹெட்டி கோலினைப் பார்த்தாள். அவருடைய நிலத்தில் மூன்று வருடமாக முட்டைக்கோஸ் முளைக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் கதவை இழுத்து உள்ளே போனாள்.

மன்றத்து ஆள் எடுத்தார். தன் குரலை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் பயந்தாள். காலையிலிருந்து வடக்கு முழுக்கக் கேட்ட குரலாயிற்றே. அதிலும் அவர் வேலையே இதைப் பார்ப்பதுதானே.

"சொல்லுங்கம்மா, எந்த சேனல்?" என்றார் அவர், இதற்கு முன் கேட்டே இராத குரலைக் கேட்கிறவர் போல.

"வடக்கு மக்கள் தொலைக்காட்சி. தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

"எதைப் பத்திப் புகார்?"

"நடுவுல பேசற அந்தப் பொண்ணைப் பத்தி. கொலை பண்ணது யாருன்னு முன்னாடியே சொல்லிட்டா."

"அடப்பாவமே. அதுக்கு ஏதாவது எச்சரிக்கை விட்டாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப ஏத்துக்கலாம். அந்தப் பொண்ணோட பேர் தெரியுமா?"

கண்ணாடிக்கு வெளியே மூன்று முதுகுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஹெட்டி ஒலிவாங்கிக்கு முன்னால் பேசுகிற குரலில், தவறாகப் பதிவாகிவிடக் கூடாதே என்று, ஆக்ராய்ட் என்ற பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.