மகாராணியின் மூக்கு

மகாராணியின் மூக்கு தாமோதரனின் உள்ளங்கையில் கிடந்தது. சின்னக் கொழுக்கட்டை அளவுதான் இருக்கும். அதை அவர் முறைத்துக்கொண்டிருந்தார். தப்பெல்லாம் மூக்கின் மேல்தான் என்பது அவருடைய முடிவு.

செங்கல்பட்டுக் கடைத்தெருவில், குதிரைச் சேணம் விற்பதற்காக ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய மாடிக் கட்டடம் அது. பூசாத சிவப்புச் செங்கல், கப்பலில் வந்திறங்கிய வார்ப்பிரும்புத் தூண்கள், வாசல் வளைவில் வண்ணக் கண்ணாடி, அதற்கும் மேலே முக்காடும் கிரீடமுமாக விக்டோரியா மகாராணியின் கல் முகம். சேணம் போய், இப்போது அங்கே தாமோதரன் ஜட்டி பனியன் விற்கிறார். ஆடி பிறந்தால் தள்ளுபடி பேனரின் ஒரு முனையை மின்கம்பத்திலும் மறு முனையை மகாராணியின் மூக்கிலும் கட்டுவார். பல ஆடிகளைப் பார்த்த மூக்கு, இந்த ஆடிக் காற்றுக்குக் கையோடு வந்துவிட்டது.

"எவ்ளோ பெரிய சாம்ராஜ்யத்த ஆண்டுச்சு! ஒரு பேனரத் தாங்க முடியலியா?" என்று கொதித்தார்.

"மூக்கப் புடிச்சித் தொங்கினா யாருக்குதான் வலிக்காது நைனா?" என்றாள், வாசல்படி ஓரத்தில் பூ விற்கும் செல்லம்மா.

"நீ வாய மூடு!"

கொதிப்புக்குக் காரணம் இருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் பரணிதரன், அதை இடித்துவிட்டு லிஃப்ட் வைத்த காம்ப்ளெக்ஸ் கட்டத் துடிக்கிறார். புராதனக் கட்டடம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டால் இடிக்க முடியாது. தாமோதரனின் கடையும் தப்பும். அவர் ஏறாத ஆபீஸ் படியெல்லாம் ஏறியதில், வருகிற வெள்ளிக்கிழமை வசுமதி என்கிற அதிகாரி பார்வையிட வருகிறார். விக்டோரியா காலத்துக் கட்டடத்துக்கு விக்டோரியாவைவிடப் பெரிய சாட்சி ஏது? அந்தச் சாட்சிக்கு இப்போது மூக்கில்லை.

குழாய் ஒழுகலை அடைக்கும் பசையால் ஒட்டினார். வெயிலில் பசை இளகி, மதியத்துக்குள் மூக்கு மோவாய்க்கு வந்து சேர்ந்தது. பிடுங்கினால் உதடும் கூடவே வந்தது.

"ஏமாத்துக்காரப் பசங்க! கல்லு மாதிரி புடிக்கும்னு டப்பாவுல போட்டுகீறான்!"

"புடிச்சிதானே கீது? உதட்டையே புடிச்சிகினு வந்துச்சே."

மறுநாள் தாமோதரன் மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினார். அங்கே கல் செதுக்கும் தாவீது ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். மற்ற நாளெல்லாம் அம்மன் செதுக்குகிறவன். புது முகம் செதுக்க மாதிரியாக, மகாராணி தலை போட்ட ஒரு பழைய வெள்ளிக்காசை அவனிடம் நீட்டினார்.

தாவீது காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணாத்த, இதுல பாதி மூஞ்சிதானே கீது?"

"பக்கவாட்டுல பாத்துகினு கீறாங்க. ராணின்னா அப்பிடித்தான்."

"மீதிப் பாதிய நானா போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ" என்றார் தாமோதரன். மனிதன் ஒரு சொல்லால் கெட்டான்.

வியாழக்கிழமை தாவீது புது முகத்தைக் கொண்டுவந்து, பழையதைக் கொத்தி எடுத்துவிட்டு, கிரீடத்துக்குக் கீழே பதித்தான். மீன் போன்ற கண், உதட்டில் சிரிப்பு, எடுப்பான மூக்கு. மூக்கில் ஓர் ஓட்டை.

"ஓட்டை எதுக்குய்யா?"

"மூக்குத்திக்கு. கைப்பழக்கம் அண்ணாத்த."

"இங்கிலாந்து மகாராணி மூக்குத்தி போட்டாங்களா?"

"போட்டா வேணாம்னா சொல்லப் போறாங்க?"

சிமென்ட் காயட்டும் என்று ஏணியை அங்கேயே சாத்திவிட்டு அவன் சாப்பிடப் போனான். மிச்சமிருந்த கோபத்துக்கு ஆள் தேடிய தாமோதரனின் கண்ணில் செல்லம்மா பட்டாள்.

"நாளைக்கி ஆபீசர் வர்றாங்க. ஈரச் சாக்கும் பூக்கூடையுமா வழிய அடைச்சிகினு குந்தாத. இடத்தக் காலி பண்ணு!"

"எத்தினி வருசமா குந்திகினு கீறேன். நான் எங்க போவேன் நைனா?"

"எங்கியாவது போ!"

அவரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது மகாராணியின் நெற்றியில் பெரிதாகக் குங்குமப் பொட்டு. கிரீடத்தில் கதம்பம். கீழே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"எவன்டா இந்த வேலைய பண்ணது?" என்று வாளித் தண்ணீரோடு ஏணியில் ஏறித் துடைத்தார். அபிஷேகம் என்று நினைத்து, வழிந்த தண்ணீரைப் பெண்கள் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். குங்குமம் கன்னத்தில் ஒழுகியதில் மகாராணிக்கு உக்கிரம் கூடிவிட்டது. மறைமலைநகருக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போன கம்பெனி பஸ் நின்றது. டிரைவர் முதற்கொண்டு இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அய்யோ, இது ராணிம்மா! ராணி!" என்று ஏணி உச்சியிலிருந்து கத்தினார் தாமோதரன்.

"ராணியம்மா!" என்றது கூட்டம்.

பொழுது சாய்வதற்குள் 'அருள்மிகு ராணியம்மன்' என்று ஃபிளெக்ஸ் வந்துவிட்டது, தள்ளுபடி பேனர் தொங்கிய அதே மின்கம்பத்தில்.

மறுநாள் ஆடி வெள்ளி. வாசலில் கூழ் அண்டா. வசுமதி வந்து செங்கல்லைத் தடவினார், தூணைத் தட்டிப் பார்த்தார், அண்ணாந்தார், அப்படியே நின்றார். பின்னாலேயே பரணிதரன் ஜேசிபியோடு வந்தார். ஜேசிபி டிரைவர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்துச் செருப்பைக் கழற்றினான்.

பரணிதரன் தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தார். "இத்த இடிச்சா என் வம்சம் வெளங்குமா? ஒரு கல்லுகூட அசையக் கூடாது!"

தாமோதரனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மொதலாளி, அப்போ என் கடை..."

"அம்மன் காலடியில ஜட்டி தொங்குது, உனக்குக் கண்ணு தெரியல? இன்னிக்கே காலி பண்ணு தாமு. உள்ள கருவறை வருது."

"அம்மன் இல்ல மொதலாளி, விக்டோரியா! மேடம், நீங்க சொல்லுங்க!"

"கட்டடம் விக்டோரியா காலம்தான் சார்" என்றார் வசுமதி. "ஆனா அந்த முகத்துல விக்டோரியா எங்க இருக்காங்க? யாரோ பழசைக் கொத்தி எடுத்திருக்காங்க. ஆள் மட்டும் தெரியட்டும், கேஸ் போடாம விடமாட்டேன். உங்களுக்குத் தெரியுமா?"

தாமோதரன் தரையைப் பார்த்தார். தெரியாது என்று தலை தானாக ஆடியது.

பனியன் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். வாசல் நடுவில், கூட்டத்துக்கு மாலை கொடுத்துக் கை ஓயாமல் செல்லம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அநியாயமா கீதே செல்லம்மா!" என்று அடிக்குரலில் பொருமினார். "மூக்கு வுழுந்தப்ப நீயும்தானே பாத்துகினு இருந்த? அது வெள்ளக்காரி மூஞ்சின்னு உனக்குத் தெரியாதா?"

செல்லம்மா கூடையைக் கொஞ்சம் நகர்த்தி, மூட்டைக்கு வழி விட்டாள்.

"தெரியாம இன்னா நைனா? எங்கியாவது போன்னு சொல்லிட்டு நீ துன்னப் போனப்ப, அந்த ஏணியில ஏறி மொதப் பொட்டு வெச்சதே நான்தான்."