மே பிளாசம் கப்பலின் புகை குறித்து

வாலஸி, மெர்சி ஆற்று முகத்துவாரம்
9 ஜூலை 1941

பெறுநர்: கேப்டன் வில்ஃப்ரெட் டக்டேல், 'மே பிளாசம்' சரக்குக் கப்பல், அது தற்போது எங்கிருக்கிறதோ அங்கே.

பொருள்: கீழ்க்கண்ட குறைகள்.

1. 14 நவம்பர் 1939. நாற்பது கப்பல்கள் விளக்கணைத்து, மூச்சடக்கி அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தபோது, உமது கப்பலின் சமையலறைச் சன்னல் மட்டும் கல்யாண வீடு போல ஒளிர்ந்தது. ஏன் என்று கேட்டதற்கு, சமையல்காரர் ரொட்டிக்கு மாவு பிசைவதாகச் சைகை விளக்கை மினுக்கி மினுக்கிப் பதில் அனுப்பினீர். அதாவது ஒரு விளக்கை இன்னொரு விளக்கால் விளக்கினீர்.

2. 3 செப்டம்பர் 1940. கப்பல் அணி முழுவதும் ஒரே நேரத்தில் இடப்புறம் திரும்ப வேண்டும் என்பது உத்தரவு. நீர் வலப்புறம் திரும்பி, பெட்ரோல் நிரம்பிய இரண்டு கப்பல்களுக்கு நடுவே புகுந்து வெளியேறினீர். என் முதல் துணை அதிகாரி அன்று மாலைவரை உட்காரவே இல்லை.

3. 22 பிப்ரவரி 1941. பட்டப்பகலில் முட்டைக்கோஸ் இலைகளையும் உருளைக்கிழங்குத் தோலையும் கடலில் கொட்டிக்கொண்டே வந்தீர். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உம்மைத் தேட வேண்டியதே இல்லை. குப்பையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தால் போதும்.

4. 20 ஜூன் 1941. புகை.

5. 21 ஜூன் 1941. என் கப்பலுக்குச் சொந்தமான மிதவையைத் துப்பாக்கியால் சுட்டுச் சிதைத்தீர்.

6. 21 ஜூன் 1941 முதல் இன்றுவரை. எந்த முன்னறிவிப்பும் இன்றிக் காணாமல் போயிருக்கிறீர்.

மதிப்புக்குரிய மைத்துனருக்கு, உமது மூத்த சகோதரி ஹில்டாவின் கணவனும் 'தார்ன்டன்' கப்பலின் கேப்டனுமாகிய லயனல் ஆஷ்க்ராஃப்ட் எழுதுவது. இங்கு நானும் உம் சகோதரியும் நலம். அங்கு உமது நலம் அறிய ஆவல் என்று தொடர்வது மரபு. இத்தனை ஆண்டுகள் இந்த வாசகத்தைப் பொருள் யோசியாமல் எழுதிவந்திருக்கிறேன். இன்று 'அங்கு' என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. அங்கு என்றால் எங்கு?

இக்கடிதத்துக்கு மூன்று படிகள். ஒன்று நம் கம்பெனி அலுவலகத்துக்கு. ஒன்று நீர் குடியிருக்கும் வீட்டு அம்மாளுக்கு. மூன்றாவது, நீர் தவறாமல் வருகைதரும் ஒரே இடமான துறைமுக மதுக்கடைக்கு. தணிக்கை அதிகாரியின் கத்தரிக்கோலுக்கு வேலை வைக்காமல் மூன்றையும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நான்காம் குறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஹாலிஃபாக்ஸிலிருந்து கோதுமை ஏற்றிப் புறப்பட்டதிலிருந்தே, என் கப்பலுக்கு நேர் பின்னால் வந்த உமது புகைபோக்கி கக்கிய கரும்புகை வானில் ஒரு மலையாக எழுந்து நின்றது. அதை எத்தனை மைல் தொலைவிலிருந்து பார்க்கலாம் என்று கணக்கிட்டேன். கிடைத்த விடை பிடிக்காமல் மறுபடி கணக்கிட்டேன். நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டுக் கடலுக்கு வந்தவன் என்பதும், அதற்காக அணி முழுவதும் என்னைப் 'புரபசர்' என்று அழைக்கிறது என்பதும், அந்தப் பெயரைச் சூட்டியவர் நீரே என்பதும் நாம் இருவரும் அறிந்தவை. மறுகணக்கில் விடை இன்னும் மோசமாக வந்தது. நாற்பது கப்பல்களின் ஆயுள் உமது புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனவே சைகை விளக்கில் உம்மைக் கண்டித்தேன். உமது பதிலை என் சைகைக்காரர் நாப் படித்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"சார், அவரு அனுப்பினத அப்படியே சொல்லவா, இல்ல கொஞ்சம் மாத்திச் சொல்லவா?"

"அப்படியே சொல்லும்."

"'கரி மட்டமான கரி, அத்தான். ஹாலிஃபாக்ஸ்ல இதான் குடுத்தாங்க. வேணும்னா நான் போயி புகைபோக்கி மேல உக்காந்துக்கவா?' அவ்வளவுதான் சார். கடைசியில ஒரு சிரிப்பும் அனுப்பியிருக்காரு."

சிரிப்பை எப்படி விளக்கில் அனுப்ப முடியும் என்று கேட்டேன். நாப் அனுப்பிக் காட்டினார். அதன் பிறகுதான், நானே விளக்கருகே சென்று என் கையாலேயே அந்த வாசகத்தை அனுப்பினேன்: "புகையை நிறுத்தும், அல்லது என் பின்னால் வராதீர்."

பதிலாக இரண்டே சொற்கள் வந்தன. "சரி அத்தான்."

இருபத்தோராண்டு உறவில் நீர் எனக்குச் சொன்ன முதல் 'சரி' அதுதான். அன்று மாலை புகை பாதியாகக் குறைந்தது. அப்போது நான் அடைந்த திருப்திக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

மறுநாள் மூடுபனி. கப்பல் முன்பக்கத்தில் நிற்கும் ஆளின் தொப்பிகூடத் தெரியவில்லை. இத்தகைய நேரத்துக்கான ஏற்பாட்டை முப்பதாண்டு கடலில் கழித்த உமக்கு நினைவூட்ட வேண்டியிருப்பது என் தலைவிதி. முன்னே செல்லும் கப்பல் ஒரு நீண்ட கயிற்றில் மரமிதவையைக் கட்டி இழுத்துச் செல்லும். அது நீரைக் கிழித்து ஆளுயரத்துக்கு வெண்ணுரையைப் பீய்ச்சும். பின்னே வரும் கப்பல் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த நுரையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தால் வழி தவறாது. நான் அப்படி ஒரு மிதவையை, உமக்காக, உமக்காக மட்டுமே, கட்டி இழுத்தேன். கயிற்றை நானே சோதித்தேன்.

நண்பகலுக்குச் சற்று முன், பின்னால் பனிக்குள்ளிருந்து இயந்திரத் துப்பாக்கி வெடித்தது. என் ஆட்கள் உயிர்க்கவசங்களைத் தேடி ஓடினார்கள். ஒருவர் இரண்டை மாட்டிக்கொண்டார். பிறகு மெகாஃபோனில் உம் குரல். பனியில் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. கப்பல் முழுக்க உம் குரலாகவே இருந்தது.

"அத்தான்! அத்தான், பயப்படாதீங்க! ஒரு நீர்மூழ்கியோட பெரிஸ்கோப் உங்க பின்னாடியே வந்துக்கிட்டிருந்துச்சு! நம்ம ஃபிர்த் போட்டுத் தள்ளிட்டாரு! தூள் தூளாப் போச்சு!"

ஃபிர்த் உமது சமையல்காரர். மூன்று நாள் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர். முதல் குறையில் மாவு பிசைந்தவரும் அவரே. அவர் ஐரோப்பியப் போரில் இதுவரை வீழ்த்தியிருக்கும் ஒரே இலக்கு என் மிதவை.

நான் மெகாஃபோனை எடுத்து, அது மிதவை, அது நம் மிதவை, உமக்கு வழிகாட்டத்தான் அது வந்துகொண்டிருந்தது என்று கத்தினேன். கேட்டதா தெரியாது. "நன்றியெல்லாம் எதுக்கு அத்தான், நமக்குள்ள!" என்று மட்டும் பதில் வந்தது. என் துணை அதிகாரி கயிற்றை இழுக்கச் சொன்னார். கயிற்றின் பொறுப்பாளர் குட்ஃபெலோ இழுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லேசா வருது, கேப்டன்."

"எவ்வளவு லேசாக?"

"அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி."

ஐயா, என் பின்னால் ஏதோ வருகிறது என்றால் வந்துவிட்டுப் போகட்டுமே, உம்மை யார் கேட்டது? என் முதுகைப் பாக்கச் சொல்லி நான் எழுதிக் குடுத்தேனா? என்னைக் காப்பாத்துறேன்னு உன் கைத்தடிய நீயே உடைச்சிக்கிட்டியே, யோவ், அது உன் கண்ணுய்யா, உன் கண்ண நீயே சுட்டுட்டு 'நன்றி வேணாம்'ங்கிறியே! மேற்கண்ட இரு வரிகளின் நடைக்கு வருந்துகிறேன். அவற்றின் பொருளுக்கு வருந்தவில்லை.

அதன் பிறகு உமது கப்பலின் ஊதல் மட்டும் கேட்டது. தொண்டை கட்டிய கன்றுக்குட்டி போன்ற அந்த ஊதல் முதலில் நேர் பின்னால் கேட்டது, பிறகு வலப்புறம் விலகியது, பிறகு அது உமது ஊதல்தானா என்று நாப்பும் நானும் வாக்குவாதம் செய்யும் அளவுக்கு மெலிந்தது, பிறகு வாக்குவாதத்துக்கும் இடமில்லாமல் போனது. மறுநாள் காலையில் பனி விலகியபோது, வரிசையில் உமது இடம் இருந்தது, நீர் இல்லை. வழி தவறிய கப்பலுக்காக எவரும் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது என்பது உத்தரவு. அந்த உத்தரவை அணியின் தலைமைக் கப்பல் கொடியேற்றி நினைவூட்டியது. என் கப்பலுக்கு மட்டும் இரண்டு முறை ஏற்றியது.

அன்று பிற்பகல், எங்கள் கப்பலின் அடிப்பகுதியில் யாரோ வெளியிலிருந்து ஓங்கித் தட்டியது போல ஓர் அதிர்வு. தொலைவில், நீருக்கடியில், ஏதோ வெடித்திருக்கிறது. தலைமைப் பொறியாளர் என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணுமில்ல கேப்டன், யாரோ கதவச் சாத்துறாங்க" என்றார். வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் எங்கள் கப்பலில் அப்படித்தான் சொல்வது. அதைக் கேட்டு யாராவது ஒருவர் கட்டாயம் சிரிப்பார். அன்று யாரும் சிரிக்கவில்லை. அட்லாண்டிக்கின் நடுவில் கதவு எதுவும் கிடையாது என்பதை அறிந்தவன் நான். இருந்தும், "காற்றாக இருக்கும்" என்றேன்.

பிறகு கணக்குப் போட்டேன். உமது வேகம், நீரோட்டம், காற்று ஆகியவற்றைக் கொண்டு, நீர் இருக்கக்கூடிய இடத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் வரைந்தேன். ஒவ்வொரு நாளும் அதைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. நாங்கள் லிவர்பூல் வந்தடைந்த ஜூலை நான்காம் தேதியன்று அயர்லாந்து முழுவதும் அதற்குள் வந்துவிட்டது. நேற்று ஐஸ்லாந்தும் வந்துவிட்டது. நீர் இவ்வளவு பெரிய மனிதராக இதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

உமது சகோதரி அமைதியாக இருக்கிறாள். அதுதான் அச்சமாக இருக்கிறது. "அவன் எப்பவுமே லேட்டுதாங்க. பொறந்ததே மூணு வாரம் லேட்டு. அம்மா தொட்டில மடிச்சு எடுத்து வச்சிட்டாங்க, அதுக்கப்புறம்தான் வந்தான்" என்று அண்டைவீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உமக்கென்று தன் ரேஷன் பங்குப் பன்றிக்கறியைச் சேமித்து வைத்திருக்கிறாள். இந்த வெயிலில் அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று நான் கேட்கவில்லை. முந்தாநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"கடைசியா அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"வானிலையைப் பற்றி."

"வில்ஃப்ரெட்டா? வானிலையா? அவன் மழைல தொப்பலா நனைஞ்சு வந்தாலும் மழைன்னு சொல்ல மாட்டானே." சிறிது நேரம் தட்டுகளின் சத்தம். "சரி, நீங்க அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

தேயிலை தீர்ந்துவிட்டது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். தேயிலை தீரவில்லை. அவளுக்கும் தெரியும்.

நேராகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். 'மே பிளாசம்' கப்பலுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் சேர்ப்பிப்பீர்களா என்று கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையான மனிதர், எழுந்து நின்றார். கப்பல் கேப்டன்களுக்கு அவர் எழுந்து நான் பார்த்ததில்லை; துக்கவீட்டாருக்குத்தான் எழுவார்.

"அந்தக் கப்பலோட கடுதாசியெல்லாம் இப்போதைக்கு வேற அலமாரில வைக்கிறோம் சார்."

"இப்போதைக்கு என்றால்?"

"பதினாறாம் தேதி மதியம் வரைக்கும் சார். அதுக்கப்புறம் வீடுகளுக்கு... எல்லா வீட்டுக்கும்... நாங்க ஒரு கடுதாசி அனுப்புவோம்."

அந்தக் கடிதத்தின் வாசகம் என்ன என்று நான் கேட்கவில்லை. இந்தத் தெருவில் நான்கு வீடுகளுக்கு அது வந்திருக்கிறது.

எனவே, நான் ஐயமறத் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். என் வாழ்நாளில் நான் உமக்குச் சொன்ன எதையும் நீர் கேட்டதில்லை. என் திருமணத்தில் பேச்சு வேண்டாம் என்றேன். முக்கால் மணி நேரம் பேசினீர். மாடி அறையில் புகைபிடிக்க வேண்டாம் என்றேன், திரைச்சீலை போயிற்று. அப்படிப்பட்ட நீர், என் சொல் ஒன்றுக்கு, ஒரே ஒன்றுக்கு, கீழ்ப்படிய முடிவெடுத்து, அதற்கு அந்த வாசகத்தையா தேர்ந்தெடுத்தீர்? நீர் விலகிப்போனது மிதவை உடைந்ததாலா, அல்லது நான் சொன்னதாலா? மிதவையால் என்றே நம்புகிறேன். எழுத்தில் உறுதிப்படுத்தும்.

மேற்படி ஆறு குறைகளுக்கும், குறிப்பாக ஆறாவதற்கு, உமது கையெழுத்துடன் கூடிய பதில் வரும் ஜூலை 16, புதன்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் என் கைக்கு வந்துசேர வேண்டும். அலுவலக எழுத்தர் உறை ஒட்டுவதற்கு முன் வர வேண்டும். ஒரு வரி போதும். எழுத்துப்பிழை இருக்கலாம். காரணங்கள் எதையும் ஏற்பதற்கில்லை. நீர் இறந்துவிட்டீர் என்பது உட்பட.

உமக்கும், உமது கப்பலோர் அனைவருக்கும், ஃபிர்த் உட்பட, எல்லா நலமும் உண்டாக வேண்டும் என்று, இத்தகைய வேண்டுதல்களில் பழக்கமில்லாத நான், வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லயனல் ஆஷ்க்ராஃப்ட்

பி.கு.: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருக்கையில் உம் சகோதரி மாடியிலிருந்து கத்தினாள். "என்னங்க, ஓடி வாங்க! கடல்ல எதுவோ தீப்பிடிச்சு எரியுது!" தொலைநோக்கியோடு ஓடினேன். தீ இல்லை. முகத்துவாரத்துக்கு வெளியே, தெளிந்த கோடை வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, கரியதும் அடர்ந்ததும் வெட்கங்கெட்டதுமான ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது. மட்டமான கரி. உலகில் ஒரே ஒரு கப்பல்தான் அப்படிப் புகையும். ஹில்டா படியிறங்கும்போதே செருப்பைத் தவறவிட்டுவிட்டாள். அதை எடுக்கத் திரும்பவில்லை. ஆறு குறைகளையும் திரும்பப் பெறுகிறேன். ஜூன் 20 அன்று நான் அனுப்பிய சைகை ரத்து. எழுத்துப்பூர்வமான பதில் தேவையில்லை. எந்தக் கப்பல்துறையில் உமது கப்பலைக் கட்டப்போகிறார்கள் என்று இங்கு ஒருவருக்கும் தெரியவில்லை. எனவே தயவுசெய்து புகையை நிறுத்தாதீர். அதைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் இருவரும் கரையோரமாக உம் பின்னால் ஓடி வரப்போகிறோம்.