கைகுடு அண்ணாச்சியும் கடிக்கிற காரும்

போடியில் பிறந்து, மீசை முளைத்து, கைகுடு அண்ணாச்சியின் உள்ளங்கைக்குத் தப்பிய ஆண்பிள்ளை ஒருவன்கூடக் கிடையாது. தப்பியதாக யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார், அல்லது அவர் கம்பத்துக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. கடைவீதிக்கு அவர் கைகுடுதான். முதலில் வலது கை வரும், அடுத்து ஏலக்காய் மணம் வரும், அதற்கும் பின்னால்தான் ஆள் வருவார்.

சலூனில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருப்பவரின் போர்வைத் துணிக்குள் கையை விட்டுத் துழாவிப் பிடித்துக் குலுக்குவார். ஹெல்மெட் போடாததற்கு அபராதம் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரின் பேனாவை வாங்கித் தன் பையில் செருகிவிட்டு, காலியான கையைக் குலுக்கினார். ஒரு சாவு வீட்டில் வரிசையாகக் குலுக்கிக்கொண்டே போனவர், நாற்காலியில் மாலையோடு உட்கார்த்தி வைத்திருந்தவரின் கையையும் பிடித்துவிட்டார். "என்னண்ணே, கை இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு?" என்று விசாரித்தது வேறு.

"ஒரு கும்பிடு போட்டாப் பத்தாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கும்பிடுறவன் தன் கையத் தானே புடிச்சுக்கிறான். அதுல எதிர்ல நிக்கிறவனுக்கு என்னப்பா கெடைக்குது?"

இப்பேர்ப்பட்டவர் எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றார். காரணம் ஒரு கக்கூஸ்.

எங்கள் தெருவில் கடைக்குக் கடை பெண்கள் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பார்கள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். இத்தனை பேருக்கும் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. உலகத்துப் பாயசத்துக்கெல்லாம் வாசனை கொடுத்துவிட்டு, வறண்ட நாக்கோடு வீட்டுக்குப் போவார்கள். ஒருநாள் கைகுடுவின் கடையில் பாண்டியம்மா மயங்கிச் சரிந்தாள். சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. அங்கே நிர்வாகிகளின் கார்கள் நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தன. அங்கன ஒரு கக்கூஸ் கட்டலாமே என்று கூட்டத்தில் கேட்டார் கைகுடு.

தலைவர் அழகாகக் கும்பிட்டார். "காரையெல்லாம் எங்க நிறுத்துறதாம்? நீங்க தலைவரா வந்தாக் கட்டிக்கங்க அண்ணாச்சி."

கூட்டம் சிரித்தது. கைகுடு சிரிக்கவில்லை. சிரித்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கை கொடுத்துவிட்டு, "நானும் நிக்கிறேன்" என்றார்.

நிற்கிறவருக்குக் கார் வேண்டாமா? வெள்ளை நிறத்தில் ஒரு பழைய கார் வந்தது. சீட்டுக்கு மெரூன் நிற வெல்வெட் உறை. ஆளுக்குப் பளபளவென்று பாலியஸ்டர் சட்டை. காலுக்கு ரப்பர் செருப்பு. எனக்குக் கவிதை வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதால், நோட்டீஸ் எழுத என்னையும் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

அது ஆனிக் காற்றுக் காலம். எங்கள் காற்று ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் பையோடு, கெட்ட கோபத்தோடு இந்தப் பக்கம் இறங்கும். உதட்டைப் பிளக்கும். கொடியில் கிடக்கும் வேட்டியை அப்பளமாக்கும். அந்தக் காற்றில், வெல்வெட்டில் தேய்ந்து தேய்ந்து போய், தெருவிலேயே மூத்த வியாபாரியான பெரியகடை ஐயாவின் வாசலில் இறங்கினார் கைகுடு. கையை நீட்டினார்.

டப்!

"ஆத்தாடி! கொல்றானே!" என்று ஐயா கல்லாப்பெட்டி மேல் சாய்ந்தார். அடுத்த கடையில் இறங்கினால் அங்கேயும் டப். அதற்கடுத்த கடையில் கைகுடுவே "ஐயோ!" என்று கத்திவிட்டுத்தான் கையை நீட்டினார். சாயங்காலத்துக்குள் தெருவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. காரில் பேய் இருக்கிறது என்றது ஒரு கட்சி. ஆளே பேய்தான் என்றது இன்னொன்று. தலைவர் மட்டும் தூர நின்று கும்பிட்டுக்கொண்டே சொன்னார். "ஓட்டுப் போடுறதுக்கு முந்தியே இந்த அடி அடிக்கிறாக. போட்டதுக்கப்புறம்?"

வைத்தியம் தொடங்கியது. மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிப் பார்த்து, மாட்டி, நல்ல பேட்டரி என்று பாராட்டினார். பெட்ரோல் லாரியில் தொங்குகிறதே என்று காரின் பின்னால் ஒரு இரும்புச் சங்கிலியைத் தொங்கவிட்டார் கைகுடு. கார் கலகலவென்று போக, தெரு நாய்களெல்லாம் ஊர்வலமாகப் பின்தொடர்ந்தன. அந்தச் சங்கிலி வேகத்தடையில் சிக்கி, யாருடைய சைக்கிளையோ இழுத்துக்கொண்டு காய்கறிச் சந்தைவரை போனது. ஈரத்துண்டை மடியில் போட்டு ஓட்டிப் பார்த்தார். வேட்டி நனைந்து இறங்கியவரைப் பார்த்து ஒரு வாக்காளர் நாசூக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார். பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டினார். பழம் வாடியது, ஷாக் வாடவில்லை.

பிறகுதான் மலைக்குப் போனோம். எங்கள் தெருவில் கடை உள்ள சங்க உறுப்பினர்கள் சிலர், போடிமெட்டு தாண்டி கேரளாவின் பூப்பாறைப் பக்கமும் கடை வைத்து அங்கேயே இருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற மேகம் கண்ணாடியை நக்கியது, சட்டை உடம்போடு ஒட்டியது. பூப்பாறையில் இறங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஒன்றும் இல்லை. அடுத்த கடை. ஒன்றும் இல்லை. "அண்ணாச்சி கை பஞ்சு மாதிரி இருக்கே!" என்றார்கள்.

திரும்பும்போது கைகுடு ஆழ்ந்த யோசனையில் இருந்தார். "ஏப்பா, கேரளாவுல கடிக்க மாட்டேங்குது. செக்போஸ்ட் தாண்டுனா கடிக்குது. இதுல கவர்மெண்டு வேல ஏதோ இருக்கு."

"ஈரம் அண்ணாச்சி. மேல ஈரக் காத்து. கீழ காஞ்ச காத்து."

"அப்ப எலக்சன மேல வெக்கச் சொல்லு."

சொல்லிக்கொண்டே, எதிரே வளைவில் வழிவிட்டு நின்ற லாரி டிரைவருக்குக் கை கொடுக்க இறங்கினார். நனைந்த பாறையில் கால் வழுக்கியது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவர் காரை விட்டு இறங்குவது ஒரு பிரசவம். சீட்டில் இருந்தபடியே கதவுக்கு மேலுள்ள இரும்புச் சட்டத்தை இறுகப் பற்றுவார். "முருகா" என்பார். ஒரு கால் தரையில், இன்னொரு கால் தரையில், பிடியை விடாமல் மெல்ல நிமிர்வார். அப்புறம்தான் கை நீளும். என்ன அதிசயம்! கீழே, எங்கள் வறண்ட காற்றிலேயே, ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. எல்லாம் இடுப்புக்குத் தேய்த்த தைலத்தின் மகிமை என்று கைகுடு முடிவுகட்டினார். பார்த்தவர்களிடமெல்லாம் தைலத்தைச் சிபாரிசு செய்தார்.

ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் இடுப்பு சரியாகிவிட்டது. துள்ளி இறங்கி எனக்குக் கை கொடுத்தார். டப்!

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "போச்சுப்பா" என்று கார் ஓரமாகவே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "தலைவர் பதவி கெடக்கட்டும். அந்தப் புள்ளைக இன்னம் எத்தன வருசம் தண்ணி குடிக்காமக் கெடக்குங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணாச்சி, திரும்ப ஏறி நல்லாத் தேய்ச்சு உக்காருங்க. இடுப்பு வலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு எறங்குங்க."

ஏறினார். இரும்பைப் பிடித்தார், முனகினார், இறங்கினார், கையை நீட்டினார். ஒன்றும் இல்லை. துள்ளி இறங்கச் சொன்னேன். டப். முனகி இறங்கினால் இல்லை. துள்ளினால் டப். என் விரல்கள் மரத்துப்போகும்வரை விஞ்ஞானம் வளர்ந்தது.

"இதான் அண்ணாச்சி. சீட்ட விட்டு எந்திரிக்கிறப்பத்தான் ஒடம்புல ஏறுது. எந்திரிக்கிறதுக்கு முந்தியே வெறும் இரும்பப் புடிச்சுரணும். கால் தரையில படுற வரைக்கும் விடக்கூடாது. சத்தமில்லாம காருக்கே போயிரும். பிளாஸ்டிக் கைப்பிடி ஆகாது, இரும்பு."

"இம்புட்டுத்தானா?" என்றார் கைகுடு. "அதுக்கா அந்தச் சங்கிலிய இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேன்?"

மறுநாள் சங்க வாசலில் காரை நிறுத்தி, இரும்பைப் பிடித்து, முறைப்படி இறங்கினார். இறங்கிய பிறகு விடலாம்தான். பயத்தில் விடவில்லை. இடது கை கார்க் கதவில், வலது கை நீட்டியபடி, பெருமாள் கோயில் தூண் சிற்பம்போல நின்றார். ஓட்டுப் போட வந்தவர்களெல்லாம் காரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

"ஏலே, கதவ மறிச்சு ஓட்டுக் கேக்குறாருடா!" என்றார் தலைவரின் ஆள்.

பெரியகடை ஐயா வந்தார். கைகுடுவின் கையைப் பார்த்தார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல ஒற்றை விரலால் தொட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டார். பிறகு முழுக் கையையும் கொடுத்து, "ஈபிக்காரன் பீஸப் புடுங்கிட்டானா?" என்றார். வாசலே சிரித்தது. சிரித்தவர்கள் வரிசையாகக் கை கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.

கைகுடு ஜெயித்தார். நூலிழையில்தான். அந்த நூலை முக்கால்வாசி நூற்றது மலைக்காரர்கள் என்பது என் கணக்கு. பின்பக்கத்து நிழலிலிருந்து கார்கள் வெயிலுக்குக் குடிபெயர்ந்தன. செங்கல் வந்தது, குழாய் வந்தது, நீல வண்ணக் கதவுகள் வந்தன.

திறப்பு விழா நடந்ததும் அடுத்த காற்றுக் காலத்தில்தான். கைகுடு கார் கதவைத் திறந்தபோது, பெண்கள் எல்லோரும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பார்த்த சந்தோஷத்தில் ஆள் எல்லாவற்றையும் மறந்து குதித்து இறங்கிவிட்டார். பழக்கதோஷத்தில் வலது கை பாதி நீண்டது. நீண்ட பிறகுதான் எதிரே நிற்பது பாண்டியம்மா என்று தெரிந்தது. பெண்பிள்ளைக்குக் கை கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது, அவருக்கும் கிடையாது. கை அந்தரத்தில் நின்றது.

"வேணாந்தாயி," என்றார். "இரும்பப் புடிக்காம எறங்கிட்டேன். அடிக்கும்."

"அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. குடுங்க அண்ணாச்சி" என்று பாண்டியம்மா எட்டிப் பிடித்தாள்.

டப்!

"ஆத்தே!" என்று கத்தினாள். ஆனால் கையை விடவில்லை. குலுக்கினாள். அவள் விட்டதும் அடுத்தவள் பிடித்துக்கொண்டாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஏலக்காய் பிரித்துப் பிரித்துப் பச்சை ஏறிய விரல்கள்.

இருந்த மின்சாரம் முதல் கையிலேயே தீர்ந்துபோனது. வரிசை தீரவில்லை. நான் போய் அதன் கடைசியில் நின்றுகொண்டேன்.